கண்ணாடித்தாள் ஓவியங்கள்

கோபுரம் எழுந்து முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவர். செப்புத் திருமேனி வார்க்கப்பெற்றதும் அதனைச் சூழ்ந்திருந்த மண் அச்சை உடைத்து நீக்குவர். தொழில் முடிந்தபின் துணைப்பொருளுக்கு மதிப்பில்லை என்பது உலக இயல்பு. ஆயினும், துணைப்பொருள் என்று கருதப்பட்டதே சில வேளைகளில் ஒப்பற்ற கலைப்பொருளாக அமைந்துவிடுவதுண்டு. அஃது அத்தகையது என்பதை மக்கள் உணர்வதற்குள் அதன் பெரும்பகுதி அழிந்தும் போய்விடும். கையால் வரைந்து எடுக்கப்பெற்ற கார்ட்டூன் திரைப்படங்களின் மூல ஓவியங்களுக்கு நேர்ந்த கதி இதுவே.

திரையிலே ஒரு சுண்டெலி துள்ளிக் குதிக்கிறது. ஒரு வாத்துச் சினங்கொண்டு சிறகடிக்கிறது. மான்கன்று ஒன்று பனிமேல் கால் வழுக்கி விழுகிறது. சிறுவர்கள் கைகொட்டி நகைக்கிறார்கள். ஆனால், அந்தச் சுண்டெலியும் வாத்தும் மான்கன்றும் உண்மையில் அசைவதே இல்லை. சிறிது சிறிதாக வேறுபட்ட நிலையில் வரையப்பட்ட தனித்தனி ஓவியங்கள் நொடிக்கு 24 படங்கள் என்னும் விரைவில் கண்முன் மாறி மாறித் தோன்றுகின்றன. கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிய இயலாமையால் அசைவு என்னும் மயக்கம் பிறக்கிறது.

இக்கணக்கின்படி ஏழு நிமிடம் ஓடும் சிறு படத்திற்கு 10,080 படங்கள் வேண்டும். ஓர் ஓவியத்தையே அடுத்தடுத்து இரண்டு முறை படம் பிடிப்பதும் உண்டு. அவ்வாறு செய்யினும் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட ஓவியங்கள் தேவைப்படும். 1937 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற ‘ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ என்னும் வால்ட் டிஸ்னியின் படம் 83 நிமிடம் ஓடுவது. அதில் ஏறத்தாழ 1,20,000 படங்கள் அடங்கியுள்ளன. அவற்றுக்கு அடிப்படையாயிருந்தவை யாவும் மனிதர் கையால் எழுதப்பட்டவையே.

இக்கலையின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு படத்தையும் முழுமையாக ஒரே தாளில் வரைந்தனர். வின்சர் மெக்கே என்னும் அமெரிக்க ஓவியர் 1914 ஆம் ஆண்டு ‘கெர்ட்டி’ என்னும் பழங்காலப் பெருவிலங்கை நடமாடவிட்டார். அதற்காக மெல்லிய அரிசித்தாளில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் எழுதப்பட்டன. விலங்கு மட்டுமே அசைகிறது; பின்னால் உள்ள மலையும் நீர்நிலையும் மரமும் அசைவதில்லை. ஆயினும், அசையாத அக்காட்சியையும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இதற்கென்றே உதவியாளர் ஒருவர் உடனிருந்து உழைத்தார்.

இவ்வீண் உழைப்பைக் குறைக்க அதே காலத்தில் எர்ல் ஹர்ட் என்பவர் ஒரு வழி கண்டார். அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் வரைதல் வேண்டும். அதனை, ஒரே முறை எழுதி முடித்த பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம் பிடித்தல் வேண்டும். தாளில் உருவம் இல்லாத இடமெல்லாம் பின்னணி தானே தெரியும். உருவம் மாறும்போது மேலுள்ள தாளை மட்டும் மாற்றினால் போதும். எளிய இம்முறையே பின்னர்ப் பெருந்தொழில் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று. அத்தொழிலில் ஈடுபட்டோர் இத்தாளைச் ‘செல்’ என்று சுருக்கமாக வழங்கினர். அதனைக் கண்ணாடித்தாள் என்று கூறலாம்.

கண்ணாடித்தாள் ஓவியம் பலர் கைப்பட்டு உருவாவது. முதலில் ஓவியர் வெள்ளைத்தாளில் பென்சிலால் அசைவுகளை வரைவார். தாள்கள் இடம் பெயராதிருக்க அவற்றின் விளிம்பில் துளைகளிட்டு முளைகளில் மாட்டுவர். அடுத்து, மைக்கோடு இடுவோர் அப்பென்சில் ஓவியத்தின்மேல் கண்ணாடித்தாளை விரித்துத் தூரிகையாலோ எழுதுகோலாலோ கோடுகளைப் படியெடுப்பர். மை உலர்ந்ததும், வண்ணம் தீட்டுவோர் தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் வண்ணம் நிரப்புவர். அதனாலேயே முன்புறம் நோக்குங்கால் தூரிகையின் தடம் தெரியாமல் வண்ணம் வழுவழுப்பாகத் தோன்றும். கோடு ஒரு மயிரிழை தடித்தாலும் மெலிந்தாலும் திரையிலே உருவம் நடுங்கும். ஆதலின், இப்பணிக்குக் கூர்ந்த கண்ணும் நடுங்காத கையும் தளராத பொறுமையும் இன்றியமையாதன.

டிஸ்னி படநிலையத்தில் மைக்கோடு இட்டவர்களும் வண்ணம் தீட்டியவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். நாள்தோறும் பலமணி நேரம் குனிந்த தலை நிமிராமல் அவர்கள் உழைத்தனர். ஸ்நோ ஒயிட்டின் கரிய கூந்தலும் குள்ளர்களின் வண்ணச் சட்டைகளும் அவர்கள் கைவண்ணமே. ஆயினும், அப்படத்தின் முகப்பில் அவர்களுடைய பெயர்கள் இடம்பெறவில்லை. அவர்கள் கைத்திறனை நேரில் காட்டும் சான்றுகள் அக்கண்ணாடித்தாள்களே.

அத்தாள்களை அக்காலத்தவர் எவ்வாறு போற்றினர்? ஒரு காட்சி படமாக்கப்பட்டதும் அதன் தாள்களுக்கு இருந்த பயன் தீர்ந்ததாகவே கருதினர். கண்ணாடித்தாள் விலைமிக்கது. எனவே, படநிலையத்தார் ஓவியங்களைக் கழுவித் துடைத்து, அத்தாள்களிலேயே வேறு படங்களை எழுதினர். சிறு படநிலையங்களில் தாள் கழுவுவதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய சக் ஜோன்ஸ் என்னும் கார்ட்டூன் இயக்குநர், தம் இளமையில் அப் ஐவர்க்ஸ் என்பாரின் படநிலையத்தில் தாள் கழுவுபவராகவே தொழிலைத் தொடங்கினார். கீறல் விழுந்து மீண்டும் பயன்படாதவாறு போன தாள்கள் குப்பையில் எறியப்பட்டன. இவ்வாறு கழுவப்பட்டும் எறியப்பட்டும் மறைந்த ஓவியங்கள் மிகப் பல. திரையிலே காணும் படம் நின்றது. அதனை ஆக்கிய கைத்தடம் அழிந்தது.

இந்நிலை மாறுவதற்கு முதற்காரணமாயிருந்தவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓவிய விற்பனைக் கூடம் நடத்திய கத்ரி கூர்வாசியர் என்பவர். அவர் 1938 ஆம் ஆண்டு டிஸ்னி நிலையத்தாருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஸ்நோ ஒயிட் படத்தின் கண்ணாடித்தாள்களுள் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்துச் சட்டத்திற்கேற்ப அமைத்துப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் அப்படத்தின் ஓவியம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் மரக்கிளையில் அமர்ந்திருக்கும் காட்சி அது. குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணப்பட்டது, பேரோவியர்களின் படைப்புகள் வாழும் மாளிகையில் இடம் பெற்றது.

எனினும், கூர்வாசியர் செய்த தொண்டில் ஒரு குறையும் கலந்திருந்தது. அவர் விற்ற ஓவியங்கள் பலவற்றில் உருவத்தை மட்டும் ஓரம் சுற்றிக் கத்தரித்து, மரத்தகட்டின்மீதோ புதிதாக எழுதிய பின்னணியின்மீதோ ஒட்டினர். முழுத்தாள் சிதைந்தது, அதன் மூலையில் குறிக்கப்பட்டிருந்த வரிசை எண்ணும் போயிற்று. ஆயினும், அவர் வாங்கி விற்றிராவிடில் அவ்வுருவங்களும் எஞ்சியிரா. கத்தரிக்கோல்பட்ட தாள்களே இன்று நமக்குக் கிடைத்த செல்வம் ஆயின. சேகரிப்பு என்பது எக்காலத்தும் குற்றமற்றதாக அமைவதில்லை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1955 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்னும் களிப்பூங்கா திறக்கப்பட்டது. அங்கிருந்த ஓவியக்கடை ஒன்றில், படங்களில் பயன்பட்ட கண்ணாடித்தாள்களைச் சில டாலர் விலைக்கு விற்றனர். சுற்றுலா வந்தவர்கள் நினைவுப்பொருளாக அவற்றை வாங்கிச் சென்றனர். வாங்கியவர்களுள் பலர் அவற்றின் அருமையை அறியார். ஆனால், அருமை அறிந்தோரும் சிலர் இருந்தனர். டிஸ்னி நிலையத்திலேயே பணிபுரிந்த ஜான் பாஸ்மாஜியன் என்பவர், வேண்டாதவை என்று கழிக்கப்பட்ட ஓவியங்களைத் திரட்டித் தம்மிடம் வைத்திருந்தார். பல்லாண்டு கழித்து, 1984 ஆம் ஆண்டு அவருடைய சேகரிப்பு நியூயார்க் நகரில் கிறிஸ்டிஸ் ஏலநிலையத்தில் விற்கப்பட்டபோது உலகம் வியந்தது. அதுமுதல் இவ்வோவியங்களின் விலை விரைந்து ஏறிற்று. 1934 ஆம் ஆண்டு வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படமொன்றின் கண்ணாடித்தாள் ஓவியம், 1989 ஆம் ஆண்டு ஏலத்தில் 2,86,000 டாலருக்கு விலைபோயிற்று. ஒரு காலத்தில் கழுவித் துடைக்கப்பட்ட பொருளுக்கு வந்த மதிப்பு அது!

ஓவியங்கள் மறைந்திருந்து மீண்டு வந்த வரலாறுகளும் உண்டு. ‘உறங்கும் அழகி’ என்னும் படம் ஜப்பானில் காட்டப்பெற்ற 1960 ஆம் ஆண்டு, டிஸ்னி நிலையத்தின் மூல ஓவியங்கள் பல கண்காட்சிக்காக அந்நாட்டிற்கு அனுப்பப்பட்டன. கண்காட்சி முடிந்ததும் அவை அங்கேயே தங்கி, பின்னர்ச் சிபா பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. காலப்போக்கில் அவற்றை எல்லாரும் மறந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின், பல்கலைக்கழகத்தில் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 250 ஓவியங்கள் இருந்தன. 2006 ஆம் ஆண்டு டோக்கியோவில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் டிஸ்னி நிலையத்திற்கே திரும்பிச் சென்றன. கண்டெடுத்தவர்கள் அவற்றைப் பழந்தாள் என்று கழித்திருப்பின், அவை என்றென்றைக்கும் மறைந்திருக்கும்.

இனி, இத்தகைய தாள்கள் புதியனவாகப் பெருகுதற்கும் இடமில்லை. 1961 ஆம் ஆண்டு வெளிவந்த ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ என்னும் படத்தில், பென்சில் கோடுகளைக் கையால் படியெடுப்பதற்கு மாறாக, ஜெராக்ஸ் பொறியின் வாயிலாகத் தாளில் பதித்தனர். அதனால், மைக்கோடு இடும் கைத்தொழில் சுருங்கிற்று. டிஸ்னி நிலையத்தார் 1989 ஆம் ஆண்டு எடுத்த ‘குட்டிக் கடற்கன்னி’ என்பதே கண்ணாடித்தாளைக் கொண்டு அவர்கள் ஆக்கிய இறுதிப் பெரும்படம். அடுத்த ஆண்டு முதல் வண்ணம் தீட்டும் பணியைக் கணிப்பொறி ஏற்றது. ஜப்பானில் இம்முறை மேலும் சிலகாலம் நிலைத்தது. 1997 ஆம் ஆண்டு மியாசாகி ஹயாவோ இயக்கிய ‘இளவரசி மோனோனோகே’ படத்திற்கு ஏறத்தாழ 1,44,000 கண்ணாடித்தாள்கள் பயன்பட்டன. ‘சசாயே-சான்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் 2013 ஆம் ஆண்டு வரை இம்முறையைக் கைவிடாதிருந்தது. அதுவும் கணிப்பொறிக்கு மாறிய பின்னர், இத்தொழில் வழக்கொழிந்தது எனலாம். ஆகவே, எஞ்சியுள்ள தாள்களைக் காப்பது ஒன்றே செய்யத்தக்கது.

காப்பது எளிதன்று. வெளியிலிருந்து வரும் பகையைவிட, உள்ளிருந்தே தோன்றும் பகை இவ்வோவியங்களுக்கு மிகுதி. 1930களில் பெரிதும் பயன்பட்ட தாள், செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆயது. அஃது எளிதில் தீப்பற்றும். நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும். பின்னர் வந்த செல்லுலோஸ் அசிட்டேட் தாள் அத்துணை எளிதில் தீப்பற்றாது. ஆனால், அதற்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெட்டியைத் திறந்ததும் காடியின் புளித்த மணம் வீசும். அவ்வமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். நோயுற்ற தாள் தன்னோடு அடுக்கப்பட்ட நல்ல தாள்களையும் கெடுக்கும். தாள் சுருங்கி அலையலையாக நெளியும். அதன்மேல் உள்ள வண்ணம் உடன் சுருங்காமையால் வெடிக்கும்.

வண்ணத்தின் இயல்பும் கருதத்தக்கது. டிஸ்னி நிலையத்தார் நிறப்பொடிகளை வேலம்பிசினோடு குழைத்துத் தமக்கு வேண்டிய வண்ணங்களைத் தாமே செய்துகொண்டனர். பிசின் நீரில் கரைவது. ஆதலால், கழுவித் துடைப்பதற்கு எளிதாயிருந்தது. கழுவுவதற்கு உதவிய அக்குணமே காப்பதற்கு இடையூறாயிற்று. காற்றில் ஈரம் மிகுந்தால் வண்ணம் இளகி மேலுள்ள பொருளில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் குறைந்தால் காய்ந்து, சேற்றுநிலம்போல் வெடித்துச் செதிள் செதிளாக உதிரும். படப்பிடிப்பு முடியும்வரை சில நாள் நின்றால் போதும் என்று செய்யப்பட்ட பொருளை, நூற்றாண்டுக்கணக்கில் நிறுத்த முயல்கின்றனர் காப்பாளர்.

எனவே, இவற்றைச் சேகரிப்போர் சில நெறிகளைப் பின்பற்றுகின்றனர். வெயில் படும் இடத்தில் ஓவியத்தைத் தொங்கவிடுதல் ஆகாது. ஒளி வண்ணத்தை மங்கச் செய்யும். சட்டமிடும்போது ஓவியம் கண்ணாடியில் ஒட்டாதவாறு இடைவெளி விடுதல் வேண்டும். தாள்களை ஒன்றன்மேலொன்றாக நெருக்கி அடுக்குதல் கூடாது. அமிலமற்ற மெல்லிய தாளை இடையிடையே வைத்தல் வேண்டும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடிவைப்பது பாதுகாப்புப்போலத் தோன்றும். ஆனால், தாளிலிருந்து எழும் அமிலம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கித் தீங்கு செய்யும். புளித்த மணம் வீசும் தாளை உடனே ஏனையவற்றிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். ஈரத்துணியால் துடைத்தல் எவ்வாற்றானும் கூடாது. குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடமே இவற்றுக்கு ஏற்ற இடம். ஆனால், வண்ணம் வெடிக்கும் அளவிற்கு வறட்சியும் ஆகாது.

வண்ணம் உதிர்ந்த ஓவியத்தை என்செய்வது? முற்காலத்தில் அதனைச் செப்பனிட்டோர் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்துப் புதுவண்ணம் பூசிவிடுவர். ஓவியம் புதிதுபோல் மின்னும். ஆனால், முதலில் தீட்டிய பெண்ணின் கைத்தடம் அதில் இராது. காப்பாற்றுகிறோம் என்னும் பெயரால் அழித்ததாக அது முடிந்தது. 2009 ஆம் ஆண்டு முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கெட்டி பாதுகாப்பு நிறுவனத்தின் அறிவியலாளர், டிஸ்னி நிலையத்தாரோடு கூடி இதனை ஆராயலாயினர். காற்றின் ஈரத்தைக் கருவியால் அளந்து சிறுகச் சிறுக உயர்த்தினால், காய்ந்த பழைய வண்ணம் மெல்ல இளகித் தானே மீண்டும் தாளில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் கண்டனர். புதுப்பசையும் வேண்டா; புதுவண்ணமும் வேண்டா. பகையாயிருந்த ஈரத்தையே, அளவறிந்து கையாண்டு மருந்தாக்கினர். பழம்பொருளைக் காப்போர் தம் கைத்திறனைக் காட்ட முற்படாமல், முன்னோர் கைத்திறனை நிலைநிறுத்துதல் வேண்டும் என்னும் அறத்திற்கு இஃது ஏற்றதாகும்.

கணிப்பொறியில் படியெடுத்து வைத்தால் போதாதா, மூலத்தாள் எதற்கு என்று சிலர் வினவலாம். படி வேண்டுவதுதான். டிஸ்னி நிலையத்தாரின் ஓவிய நூலகம் கலிபோர்னியாவில் கிளெண்டேல் என்னும் ஊரில் உள்ளது. அங்கே பென்சில் ஓவியம், பின்னணி, கண்ணாடித்தாள் முதலியன ஏறத்தாழ 6.5 கோடி உள்ளன. அவற்றுக்குக் கணிப்பொறிப் படிகளும் எடுத்து வருகின்றனர். ஆனால், படி காட்டுவது தோற்றத்தையே. பென்சிலை எவ்வளவு அழுத்தினார், எங்கே அழித்து மீண்டும் வரைந்தார், வண்ணத்தின் கலவை யாது என்பன போன்ற வினாக்களுக்கு மூலத்தாளே முழுவிடை தரும். படச்சுருளின் நிறம் மங்கியவிடத்து, முதலில் தீட்டிய நிறம் யாது என்பதற்கும் அத்தாளே சான்று பகரும்.

பழைய தாள் புதிய கலைக்கு உதவியதும் உண்டு. இந்நூலகம் முன்னர்ப் படநிலையத்தின் கீழ்த்தளத்தில் இருந்தபோது, அதனைப் பணியாளர் ‘பிணவறை’ என்று வேடிக்கையாக அழைத்தனர். 1973 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ராபின் ஹூட்’ படத்தில் விலங்குகள் கூடி ஆடும் காட்சி ஒன்று வருகிறது. அதற்காக ஓவியர்கள் ஸ்நோ ஒயிட் முதலிய முந்தைய படங்களின் ஓவியங்களை எடுத்து அவற்றின்மேல் புதிய உருவங்களை எழுதினர். 1937 ஆம் ஆண்டில் ஸ்நோ ஒயிட் ஆடிய ஆட்டத்தை 36 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நரி மங்கை ஆடினாள். பிணவறையில் கிடந்த தாள் மீண்டும் உயிர்பெற்று எழுந்தது!

சேகரிப்போருக்குப் பகுத்தறியும் கண்ணும் வேண்டும். படத்தில் பயன்பட்ட தாள் வேறு. விற்பனைக்கென்றே பிற்காலத்தில் அச்சிட்ட தாள் வேறு. உண்மைத்தாளில் முளைத்துளைகளும் வரிசை எண்ணும் காணப்படுவது இயல்பு. ஆயினும், ஓரம் கத்தரிக்கப்பட்டவற்றில் அவை இரா. ஒரு பின்னணிக்குப் பல கண்ணாடித்தாள்கள் உண்டு. ஆதலின், தனக்குரிய மூலப்பின்னணியோடு கூடிய கண்ணாடித்தாள் கிடைத்தற்கரியது. விலையை மட்டும் நோக்கி வாங்குவோர் இவற்றை அறியார். வரலாற்றை நோக்கி வாங்குவோரே அறிவர்.

ஒரு கண்ணாடித்தாள் திரையில் தோன்றும் நேரம் ஒரு நொடியின் சிறுபகுதியே. அந்தச் சிறுபொழுதிற்காக ஒருவர் வரைந்தார், ஒருவர் கோடிட்டார், ஒருவர் வண்ணம் தீட்டினார். அவர்களுள் பலருடைய பெயரை உலகம் அறியாது. அவர்கள் உழைப்பின் அடையாளம் குப்பையில் போகாமல் காத்தவர்கள், அதனைப் பெரிதென மதித்த சிலரே. பயன் தீர்ந்தது என்று ஒரு பொருளை எறிவதற்கு முன், அதனை ஆக்கிய கைகளை ஒருகணம் நினைத்தல் வேண்டும். அந்நினைவு உள்ளவிடத்திலேதான் கலைச்செல்வங்கள் அழியாமல் நிலைபெறும்.